இலவசமும் உரிமையும்

உயர்தர வகுப்பிலே கட்டுரைப் பயிற்சி நடந்துகொண்டிருந்த ஒரு நாள், மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பிறருடைய கட்டுரையைப் பார்த்தெழுதுவது களவுக்கு ஒப்பானது என்று நான் சற்று உரத்த குரலிலே விளக்கி முடித்திருந்த வேளை அது. “சேர், எங்கடை வீட்டுக் கொம்பியூட்டரிலை ஒவ்வொரு நாளும் ‘இது மெய்யான பிரதி அல்ல’ எண்டு ஒரு வரி வருகுது. கடைக்காரர் சும்மா போட்டுத் தந்தவர். அப்ப நாங்களும் கள்ளரோ?” என்றான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்று மாலை என் வீட்டு மேசையிலிருக்கும் கணினியிலும் அதே வரி தோன்றும் என்பதை நான் அறிந்திருந்தேன்.

அம்மாணவனின் தந்தையார் மேசன் தொழில் செய்பவர். மகனின் படிப்புக்கெனப் பல மாதம் மிச்சம்பிடித்து, வேறு யாரோ பாவித்துக் கழித்த மடிக்கணினி ஒன்றை அவர் வாங்கிக் கொடுத்திருந்தார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று. அதன்பின் புதிய கணினி என்பது கூலித் தொழிலாளிக்கு மாத்திரமன்றிச் சாதாரண ஆசிரியனுக்கும் எட்டாத பொருளாயிற்று. இத்தகைய வீடுகளிலே, கணினிக்குக் கொடுத்த பணத்துக்கு மேலாக அதனுள் இயங்கும் மென்பொருளுக்கும் தனியே விலை செலுத்தவேண்டும் எனக் கூறுவது நடைமுறையறியாப் பேச்சு. எனினும், வறுமை ஒரு செயலுக்குக் காரணங் காட்டுமேயன்றி, அச்செயல் எத்தகையது என்ற வினாவுக்கு விடையாகாது. மாணவன் கேட்டது அந்த வினாவையே.

இதற்கு இரண்டு ஆயத்த விடைகள் உள்ளன. களவு களவுதான், சட்டம் சட்டந்தான் என்பது ஒன்று. பெருமுதலாளியிடமிருந்து ஏழை எடுப்பது களவாகாது. அது கொள்ளையிடப்பட்டதன் ஒரு துளியை மீட்பதேயாகும் என்பது மற்றொன்று. முதலாவது விடையை அதிகாரிகளிடமும், இரண்டாவதை நம்முடைய முற்போக்கு நண்பர்களிடமும் அடிக்கடி கேட்கலாம். நானும் பல காலம் இரண்டாவதைச் சொல்லியே என் மனச்சாட்சியைத் தூங்கவைத்தேன். ஆயின், இவ்விரு விடைகளுக்கும் பொதுவான குறையொன்று உண்டு. இரண்டும் கொடுத்தவனுக்கு நேர்ந்த நட்டத்தை மாத்திரமே கணக்கிடுகின்றன. எடுத்தவன் என்ன ஆனான் என்பதைப் பற்றிச் சிந்திப்பதில்லை.

கணினியை இயக்குகின்ற அடிப்படைச் செய்நிரல்களின் தொகுதியைப் பணிசெயல் முறைமை என்கிறோம். இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையிலே நின்று, எந்தச் செய்நிரல் எப்போது ஓடலாம், எந்த அச்சுப்பொறி இயங்கும், எந்த எழுத்துத் திரையில் தோன்றும் என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. சோறும் சீலையும் போலன்றி, இதனைப் பிரதி செய்வதால் மூலம் குறைவதில்லை. ஒருவன் உண்ட சோற்றை மற்றவன் உண்ண முடியாது. ஒருவன் அறிந்த கணக்கை ஆயிரம்பேர் அறிந்தாலும் அக்கணக்குத் தேய்வதில்லை. இங்கே பற்றாக்குறை பொருளின் இயல்பினால் வருவதன்று. பிரதி செய்யும் உரிமையைச் சட்டத்தால் வேலியிட்டு அடைப்பதனாலேயே வருகின்றது.

அந்த வேலியை நியாயப்படுத்துவோரின் வாதத்தை நாம் அலட்சியஞ் செய்தல் தகாது. 1975ஆம் ஆண்டிலே, ஏறத்தாழ 400 டொலர் விலையில், தானே பூட்டிக்கொள்ளத்தக்க அல்ரெயர் என்னும் சிறு கணினி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கென பேசிக் மொழியை இயக்கும் மென்பொருளை ஆக்கியோருள் ஒருவரான பில் கேற்ஸ், 1976 பெப்ரவரியில், கணினி ஆர்வலர்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. பாவிப்போரில் மிகப் பெரும்பாலோர் விலை கொடாது பிரதி செய்கின்றனர் என்றும், கூலியின்றித் தரமான வேலையைச் செய்ய எவரால் முடியும் என்றும் அவர் கேட்டார். உழைப்பாளிக்குக் கூலி வேண்டும் என்பது நம்முடைய கொள்கையுமாகும். ஆதலால் அவருடைய வினா நம்மையும் சுடவேண்டும்.

ஆயினும், அக்கடிதம் சொல்லாமல் விட்ட செய்திகளும் உள. பேசிக் மொழியை 1964இல் டாட்மத் கல்லூரியிலே உருவாக்கிய கெமெனி, கேர்ற்ஸ் என்னும் பேராசிரியர் இருவரும், கணிதம் படியாத மாணவரும் கணினியைக் கையாளவேண்டும் என்ற நோக்கத்தோடு அதனை எல்லோருக்கும் பொதுவாக விட்டனர். அல்ரெயருக்கான மென்பொருளும் ஹாவார்ட் பல்கலைக்கழகக் கணினியிலேயே எழுதப்பட்டது. பலருடைய உழைப்பாலும் பொது நிறுவனங்களாலும் விளைந்த ஒன்றின்மேல் கடைசியாகக் கைவைத்தவனே முழு உரிமையாளன் எனின், அதற்கு முன் உழைத்தோரின் பங்கு எங்கே போயிற்று? கூலி கேட்பது வேறு. வேலி கட்டுவது வேறு. முதலாளித்துவம் இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேயே வெற்றி கண்டது.

இவ்வேறுபாட்டை வாழ்விலே உணர்ந்தவர் றிச்சாட் ஸ்ரோல்மன். மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடமொன்றில் அவர் பணியாற்றிய காலத்தில், 1980ஐ ஒட்டி, புதிய அச்சுப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. பழைய பொறியில் தாள் சிக்கினால் உரியவர்களுக்குச் செய்தி செல்லுமாறு அவர் அதன் செய்நிரலை முன்னரே திருத்தியிருந்தார். புதியதன் மூல நிரலோ கொடுக்கப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் சென்று கேட்டபோது, எவருக்கும் காட்டுவதில்லை எனத் தாம் நிறுவனத்துக்கு வாக்களித்துவிட்டதாக அவர் மறுத்தார். அயலவனுக்கு உதவமாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்தால்தான் பொருள் கிடைக்கும் என்ற ஏற்பாடு, ஒழுக்கத்தையே தலைகீழாக்குகின்றது என்று ஸ்ரோல்மன் கண்டார். 1983 செப்ரெம்பரில் ‘குனு’ என்னும் பெயரில் முழுமையான ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கும் திட்டத்தை அறிவித்தார். விரும்பிய நோக்கத்துக்கு இயக்கல், உள்ளமைப்பைக் கற்றுத் திருத்தல், பிரதி செய்து பகிர்தல், திருத்தியதையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளும் அதன் அடிப்படைகளாயின. 1989இல் அவர் வெளியிட்ட பொது உரிமம், இவ்வுரிமைகளைப் பெற்றவன் தான் பகிர்வோருக்கும் அவற்றை மறுக்கக்கூடாது என்ற நிபந்தனையை விதித்தது. வேலிக்காக ஆக்கப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே வேலியைத் தடுக்கும் கருவியாக மாற்றப்பட்டது.

ஆயின், அத்திட்டத்துக்குக் கருநிரல் ஒன்று குறையாகவே இருந்தது. அக்குறை நீங்கியது பெரிய ஆய்வுகூடத்திலன்று. ஒரு மாணவனின் வீட்டுக் கணினியிலே. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோவால்ட்ஸ், 1991 யனவரியில், தவணை முறையிலே கடனடைக்கும் ஏற்பாட்டில் கணினியொன்றை வாங்கினார். பல்கலைக்கழகத்தில் கண்ட யுனிக்ஸ் முறைமையை வீட்டிலே வைத்திருக்க அதன் உரிம விலை இடங்கொடுக்கவில்லை. கற்பித்தலுக்கென ஆக்கப்பட்ட மினிக்ஸ் என்னும் முறைமையைத் திருத்திப் பகிர்வதற்குத் தடைகள் இருந்தன. ஆகவே தாமே ஒன்றை எழுதத் தொடங்கி, அவ்வாண்டு ஓகஸ்ட் 25இல் அதனை ஒரு பொழுதுபோக்கு முயற்சியென உலகுக்கு அறிவித்தார். லினக்ஸ் எனப் பெயர்பெற்ற அது, 1992இல் ஸ்ரோல்மனின் பொது உரிமத்தின்கீழ் வந்தது. வசதி குறைந்தவன் வசதி படைத்தவனின் கருவியை இரவல் கேட்கவுமில்லை, களவாடவுமில்லை. தன்னைப் போன்றோருடன் கூடி உழைத்துத் தனக்கும் அவர்களுக்கும் பொதுவானதொன்றை ஆக்கிக்கொண்டான். வரலாற்றின் இப்பகுதி நம் மாணவருக்குச் சொல்லப்படுவதேயில்லை.

ஆங்கிலத்திலே விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் அங்கே ஓயாத மயக்கம். தமிழிலோ இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. இருந்தும் நாம் அவற்றைப் பிரித்தறிய முயல்வதில்லை. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னே ஒப்புரவுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஈகையிலே கொடுப்பவன் மேலே நிற்க, பெறுபவன் கீழே நிற்கிறான். ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்வோன் தன் கடமையென உணர்ந்து செய்வது; அங்கே இரப்பவன் என்று ஒருவன் இல்லை. 1945இல் நம் நாட்டிலே கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும் இத்தகையதே. அது பிச்சையன்று, மக்கள் யாவரும் சேர்ந்து சுமக்கும் செலவில் மக்கள் யாவருக்கும் கிடைக்கும் உரிமை. அதன் பயனாகவே நானும் இன்று எழுதுகிறேன். மென்பொருளை இலவசமாகப் பெறுகிறோம் என்னும்போது, கடைக்காரர் ‘சும்மா போட்டுத் தந்ததா’, அல்லது இவ்வகையான பொதுவுரிமையா என்பதே கேட்கவேண்டிய கேள்வியாகும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்க ஒரு கிணறு போதும். ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றிலே தம் கையால் தண்ணீர் அள்ளுவதற்கு மறுக்கப்பட்டு, பிறர் அள்ளி ஊற்றும்வரை பாத்திரத்துடன் காத்து நின்ற காலத்தை நம் மூத்தோர் கண்டிருக்கின்றனர். இரவிலே எவருமறியாமல் அள்ளிச் சென்றோரும் இருந்திருப்பர். தாகித்தவனைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால், களவாக அள்ளிய தண்ணீர் அன்றைய தாகத்தைத் தீர்க்குமேயன்றிக் கிணற்றின்மேல் உரிமையைத் தராது. மறுநாட் பகலிலே அவன் மீண்டும் ஒதுங்கியே நிற்கவேண்டும். 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் பகிரங்கமாகப் பிரவேசித்துப் போராடியோர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர். அவர்கள் கேட்டது தேநீரை அன்று, சமத்துவத்தை. சாதிக் கொடுமையையும் மென்பொருள் உரிமத்தையும் ஒரே தராசில் இடுவது என் நோக்கமன்று. மறைவாகப் பெறுவது ஒருபோதும் உரிமையாகாது என்னும் ஒரு பாடத்தையே அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

திருட்டுப் பிரதியின் தீங்கும் அதுவே. அது முதலாளியைச் சிறிதும் அசைப்பதில்லை. மாறாக, அவனுடைய பொருளே உலகில் உள்ள ஒரே பொருள் என்ற எண்ணத்தை நம் பிள்ளைகளின் விரல்களிற் பதியவைத்து, அவனுக்கு நாளைய வாடிக்கையாளரைப் பயிற்றிக் கொடுக்கின்றது. பிழை திருத்தங்கள் ஒழுங்காகக் கிட்டுவதில்லை. பூட்டை உடைத்துத் தந்த செய்நிரலோடு வேறென்ன உட்புகுந்தது என்பதும் தெரிவதில்லை. உள்ளமைப்பைப் பார்க்கவும் இயலாது. விலை கொடாத அடிமைத்தனம் என்று இதனைச் சொல்லலாம்.

விலை கொடுத்தவன் மாத்திரம் உரிமையாளனா எனின், அதுவுமன்று. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுத்திற்று. பாதுகாப்புத் திருத்தங்களைக் குறுகிய காலத்துக்கு நீடித்துப் பெற ஒரு வழி விடப்பட்டதாயினும், அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லையும் அங்கீகரிக்கப்பட்ட செயலிகளையும் வேண்டி நிற்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள் ஒரே நாளிற் பழசாயின. இயந்திரம் தேயவில்லை, அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதை வாங்கியவனிடம் இல்லை என்பதே வெளிப்பட்டது. அத்தகைய இயந்திரங்களிலேதான் டெபியன் போன்ற லினக்ஸ் முறைமைகள் இன்றும் அமைதியாக ஓடுகின்றன. 1993 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் டெபியனை, நிறுவும்போதே தமிழிலும் வழிநடத்தலைப் பெற்று நிறுவலாம். 2012இல் கேம்பிறிட்ஜ் நகரத்து அறநிறுவனமொன்று 35 டொலருக்கு வெளியிட்ட றாஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினியும் டெபியன் வழிவந்த முறைமையிலேயே இயங்குகின்றது. மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இருந்திருப்பின் அவ்விலை சாத்தியமாகியிராது. அதிலுங்கூட, பொறியைத் தொடக்கிவைக்கும் செய்நிரல் மூடியதாகவே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். முழு விடுதலை இன்னும் எய்தப்படவில்லை.

இவ்விடத்தில் நண்பர்கள் தடை எழுப்புவர். “இன்று லினக்சால் அதிக இலாபம் பெறுவது யார்? அதே பெருநிறுவனங்கள் அல்லவா?” என்பர். இத்தடை வலுவானது. 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் லினக்சிலேயே இயங்குகின்றன; நம் கைத்தொலைபேசிகளில் உள்ள அண்ட்ரொயிட்டின் கருநிரலும் அதுவே. லினக்சை மையமாகக் கொண்டு வணிகம் நடத்திய ரெட் ஹற் நிறுவனத்தை, 2019இல் 3,400 கோடி டொலருக்கு ஐ.பி.எம். வாங்கிற்று. கருநிரலில் நாளாந்தம் நிகழும் மாற்றங்களிற் பெரும்பகுதியைச் செய்வோரும் நிறுவனங்களிற் சம்பளம் பெறுவோரே. பில் கேற்சின் வினாவுக்கு இதிலே ஒரு விடை உண்டு. வேலியின்றியும் உழைப்பாளி கூலி பெறலாம் என்பது நிரூபணமாயிற்று. எனினும், எல்லா உழைப்பாளிக்கும் அக்கூலி போய்ச் சேரவில்லை. லினக்ஸ் முறைமைகளிலே பரவலாக இடம்பெறும் ‘எக்ஸ்செட்’ என்னும் சிறு செய்நிரல் தொகுதியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் களைத்துப்போன ஒரு தன்னார்வலர். அவருக்கு உதவுவதாக வந்த ஒருவர், இரண்டாண்டுக்கு மேலாக நம்பிக்கையைத் தேடி, இரகசியக் கதவொன்றை அதனுள்ளே வைத்தார். 2024 மார்ச்சில், இணைப்புக்கு அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கவனித்த பொறியியலாளர் ஒருவரால் அது பரவலாகுமுன் பிடிபட்டது. நிரல் திறந்திருந்தமையால் அவரால் அதன் மூலத்தைத் தேடிச் செல்ல முடிந்தது. பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோர் கோடி, பராமரிப்போர் ஒருவர் என்ற நிலை இருந்தமையாலேயே அபாயமும் நேர்ந்தது. கிணற்றில் எல்லோரும் அள்ளி எவரும் தூர்வாராதிருப்பின் கிணறு பாழாகும்.

ஆகவே பெறுபவனுக்கும் கடமை உண்டு. பணம் அனுப்புவது அதன் ஒரு வடிவமே. நம்மிடம் பணமில்லை, ஆனால் மொழி இருக்கிறது, வகுப்பறை இருக்கிறது. ஒரு சொல்லைத் தமிழாக்கிக் கொடுத்தல், ஒரு பிழையை அறிவித்தல், அயல்வீட்டுக் கணினியில் நிறுவிக் காட்டுதல் யாவும் அக்கடனைத் தீர்ப்பனவே. ஈழத்தவர் இதற்குப் புதியவருமல்லர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதிய கடற்கோளின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் சில கிழமைகளிலேயே ஒரு கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் ‘சஹன’ என்ற சொல்லின் வழியே அது சஹானா எனப் பெயர்பெற்றது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் அது பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலப் பரிசையும் பெற்றது. வாங்கி மாத்திரம் பழகியவர் என எண்ணப்பட்ட நாடு கொடுக்கவும் செய்தது. கொடுக்க முடிந்தமைக்குக் காரணம், நிரல் எவரும் எடுத்துத் திருத்தத்தக்கதாக இருந்தமையே.

இன்னொரு தடை, கற்பிப்போரின் மனத்தை உறுத்துவது. மேசன் தொழிலாளியின் மகனுக்கு நாளைக்குக் கந்தோரிலே வேலை வேண்டும். அக்கந்தோரில் இருப்பது வேறொரு முறைமை. நம்முடைய கொள்கைக்காக அவனைப் பரிசோதனைப் பொருளாக்கலாமா? ஆக்கக்கூடாது. ஆகையால் முதலிலே என் கணினியையே மாற்றினேன். முதல் மாதம் துன்பந்தான். பாமினி எழுத்துருவிலே பல ஆண்டுகளாகத் தட்டெழுதி வைத்த வினாத்தாள்களின் பக்க அமைப்புக் குலைந்தது. அச்சுப்பொறியை இயங்கச் செய்ய இரண்டு இரவுகள் சென்றன. அவ்விரு இரவுகளிலேதான் அச்சுப்பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதன்முதலாக அறிந்தேன். ஒரு நிறுவனத்தின் பொத்தான்களின் வரிசையை மனனஞ் செய்தவன், அவ்வரிசை மாறியதும் திகைப்பான். தத்துவத்தை அறிந்தவன் எந்த முறைமையின் முன்னும் அஞ்சான். கந்தோர் வேலைக்கும் இரண்டாமவனே தகுந்தவன்.

இதன் பின்னரே மாணவனுக்கு விடை சொன்னேன். “நீங்கள் கள்ளர் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால், உங்களுக்குத் தந்ததும் உங்களுடையது இல்லை. உங்களுடையதாயிருக்கக்கூடிய ஒண்டு இருக்கு, அதுக்குக் கொஞ்சம் பாடுபடவேணும்” என்றேன். ஒரு சனிக்கிழமை மடிக்கணினியைக் கொண்டுவந்தான். சிறு நினைவுக்கோலிலிருந்து முதலில் நிறுவாமலே இயக்கிப் பார்த்து, பின்னர் அவன் கையாலேயே நிறுவினோம். பழைய வரி திரையிலிருந்து மறைந்தது. அவன் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. “இதைத் தம்பிமாருக்கும் போட்டுக் குடுக்கலாமோ, சேர்?” என்று மாத்திரம் கேட்டான்.

கொடுக்கலாம். எவரிடமும் அனுமதி கேளாமல், எதையும் மறைக்காமல் கொடுக்கலாம். பார்த்தெழுதுவதற்கும் பகிர்ந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் கட்டுரை வகுப்பிலே சொற்களால் விளக்கினேன். அவன் அதனைச் செயலால் விளங்கிக்கொண்டான். ஒழுக்கத்தைப் போதிக்கும் நாம், நம் பாடசாலைகளின் கணினி அறைகளிலே எதைப் போதித்துவருகிறோம் என்பதை இனியேனும் எண்ணிப் பார்ப்போமாக.